1860 பட்டியலில் பெயர் இல்லையா? சொத்துப் பத்திரங்களைப் பாருங்கள்

வணக்கம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் அருகே இருந்த நெல் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களைத் தேடுவதாகவும், 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் வயது, பால், நிறம் மட்டுமே இருப்பதாகவும் ஒருவருக்கும் பெயர் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தேடலில் குறை இல்லை. 1850, 1860 கணக்கெடுப்புகளில் பண்ணை உரிமையாளர் பெயரின் கீழ் அடிமைகளைப் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள்.

பெயர்கள் சொத்துப் பத்திரங்களில் இருக்கின்றன. உரிமையாளர் இறந்த ஆண்டை முதலில் பிடியுங்கள். அப்போது எடுத்த சொத்து மதிப்பீட்டில் மாடு, கலப்பையோடு அடிமைகளின் பெயரும், பக்கத்தில் டாலர் விலையும் இருக்கும். படிக்க நெஞ்சு கனக்கும். ஆனால் பல பட்டியல்களில் தாயும் பிள்ளைகளும் அடுத்தடுத்து வருவார்கள்; குடும்பம் பிடிபடுவது அங்கேதான். அடமானப் பத்திரங்களையும் விடாதீர்கள், கடனுக்கு ஈடாக மனிதர்களையே பெயர் சொல்லி எழுதிவைத்தார்கள். 'கஃபி' என்று கண்டால், அது வெள்ளிக்கிழமை பிறந்த ஆணுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் இடும் 'கோஃபி' என்ற பெயர். எழுத்துக்கூட்டல் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும்.

பிறகு, விடுதலையானவர்களைப் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பான 1870-இலிருந்து பின்னோக்கி வாருங்கள். விடுதலையானவர்களின் குடும்பப் பெயர் பண்ணையாருடையதாகவே இருக்கும் என்று எண்ணாதீர்கள். விடுதலைக்கும் 1870-க்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப, விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் கூலி ஒப்பந்தங்கள் உண்டு. அவர்களின் சேமிப்புக்காகத் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் சார்ல்ஸ்டன் கிளைப் பதிவேட்டில் கணக்கு தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், சிலருக்குப் பழைய பண்ணையின் பெயர்கூட இருக்கும்.

உரிமையாளர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியுமா? மனைவியின் சொத்தைக் குறித்து எழுதிய திருமண உடன்படிக்கைகளிலும் அடிமைகளின் பெயர்கள் வரும். தெரிந்தால் எழுதுங்கள், சேர்ந்தே தேடலாம்.