நம் வீட்டு விஷயம் என்பது யார் வீட்டு விஷயம்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். மதுரையில் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். 2001ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டைப் பற்றி ஆய்வேடு எழுதலாம் என்றிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. இஸ்ரேல் பிரச்சினையில் அமெரிக்கா வெளியேறியதால் மாநாடே தோல்வி என்கிறார்கள். சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டதையும், இந்திய அரசு அதைத் தடுத்ததையும் படித்தேன். என் பேராசிரியர், "சாதி வேறு, இனம் வேறு. அது நம் வீட்டு விஷயம். அயலாரிடம் போய் முறையிடுவது நாட்டுக்கு அவமானம். 1939இல் மீனாட்சியம்மன் கோயில் கதவு தலித்துகளுக்குத் திறந்தபோது எந்த ஐ.நா. வந்தது?" என்றார். எனக்கும் அது சரி என்றே படுகிறது. அந்த மாநாட்டால் ஏதாவது பயன் உண்டா? இந்தத் தலைப்பை எடுக்கலாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது உத்தப்புரம் தீண்டாமைச் சுவர் பற்றிய பழைய செய்தி நறுக்குகளை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஆய்வேடு எழுத வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் குறைந்துவரும் காலத்தில், குழப்பமாக இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் பேராசிரியர் சொன்னதை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டீர்களே, அதற்குக் கோபமும் வருகிறது.

இஸ்ரேல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மாநாடு ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை நடந்தது. வரைவில் சியோனிசத்தை, அதாவது யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கத்தை, இனவெறியோடு சேர்த்துப் பேசிய வாசகங்களை எதிர்த்து செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளியேறின. நிறைவேறிய பிரகடனத்தில் அந்த வாசகங்கள் இல்லை. பாலஸ்தீனர்களின் துயரம் உண்மை. யூதர்களை இழிவுபடுத்தும் துண்டறிக்கைகள் அங்கே புழங்கியதும் உண்மை, அது வெட்கக்கேடு. 2009இல் ஜெனீவாவில் நடந்த மறுஆய்வு மாநாட்டில் ஈரான் அதிபர் அகமதிநெஜாத் பேசியபோது ஐரோப்பியப் பிரதிநிதிகள் எழுந்து போனார்கள். இதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நீங்களும் எழுத வேண்டியதில்லை.

எழுத வேண்டியது வேறு. அரசுகளின் மாநாட்டை ஒட்டித் தொண்டு நிறுவனங்களின் மன்றம் ஒன்றும் டர்பனில் கூடியது. நம் நாட்டுத் தலித் செயல்பாட்டாளர்கள் அங்கே போய், சாதிப் பாகுபாட்டைத் தங்கள் அறிக்கையில் இடம்பெறச் செய்தார்கள். ஆனால் அதே அறிக்கையில் இஸ்ரேலைப் பற்றி இருந்த கடுஞ்சொற்களைக் காரணம் காட்டி, மாநாட்டின் பொதுச்செயலாளர் மேரி ராபின்சன் அதை அரசுகளுக்குப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார். அரசுகளின் பக்கம் என்ன நடந்தது? தொழிலையும் பிறப்பையும் வைத்துக் காட்டப்படும் பாகுபாட்டைப் பற்றி வரைவில் ஒரு பத்தி இருந்தது. அது வரக் கூடாது என்று இந்தியா கடைசிவரை நின்றது. அன்றைய வெளியுறவுத் துறை இணை அமைச்சர் உமர் அப்துல்லா மேடையேறி, சாதி இந்த மாநாட்டில் பேசத்தக்க பொருளே அல்ல என்றார். இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. மூன்றே நாளில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. உலகம் டர்பனை மறந்தது.

சாதி இனம் அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சண்டை அதில் இல்லவே இல்லை. 1965ஆம் ஆண்டு ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவை எடுத்துப் பாருங்கள். இனம், நிறம் என்பவற்றோடு வம்சாவளியும் அங்கே இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் குழு 1996இல் இந்தியாவிடம் சொன்னது. இந்தியா ஏற்கவில்லை. இதையெல்லாம் பேராசிரியர் சொல்லாவிட்டால் நூலகம் சொல்லியிருக்கும், தம்பி.

என்னை உறங்கவிடாதது அடுத்த வாக்கியம். "நம் வீட்டு விஷயம்." இதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

மேலூருக்குக் கிழக்கே என் தாத்தாவின் ஊர். ஓட்டு வீடு. பின்பக்க எரவாணத்தில் ஓர் அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி, அடியில் புகையேறிக் கறுத்திருக்கும். கேதம் சொல்ல வருகிற பெரியவர், வெயிலில் நடந்து வந்த களைப்போடு கொல்லைப்புறம் வந்து, தானே கையை நீட்டி அதை உருவுவார். பாட்டி நீர்மோரைச் செம்பிலிருந்து உயரத் தூக்கி ஊற்றுவாள். குடித்துவிட்டுச் சாம்பல் போட்டு அவரே விளக்கி, அதே இடத்தில் செருகிவிட்டுப் போவார். ஒரு நாள் அரசு அதிகாரி ஒருவர் ஏதோ கணக்கெடுக்க வந்தார். வெளியூர்க்காரர். அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சட்டப்படி குற்றம் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். தாத்தா கோபப்படவில்லை. "எங்கள் ஊர் வழக்கம் சார், நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று சொல்லிக் காபி வரவழைத்தார். தம்ளரோடு குத்தவைத்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அதிகாரியும் கேட்கவில்லை, தாத்தாவும் கேட்கவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ள அவருக்கு எந்த இடம் இருந்தது? தம்ளரை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்களேதான், அதைப் பற்றி யார் பேசலாம் என்றும் முடிவு செய்தார்கள்.

டர்பனில் இந்தியா சொன்னதும் இதைத்தான்.

மேலவளவு உங்களுக்குத் தூரமில்லை. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2001 ஜூலையில். அடுத்த மாதமே நம் பிரதிநிதிகள் டர்பனுக்குப் போய், எங்கள் அரசியல் சட்டம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது என்றார்கள். அதே காலத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் ஒருவரைத் தலைவராக உட்காரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தார்கள். 1996இல் தொடங்கிய அந்த முட்டுக்கட்டை 2006இல்தான் விலகியது. உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989இல் எழுந்த சுவரை மாவட்டத்தில் எத்தனை அதிகாரிகள் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? அதன்மேல் மின்கம்பி இழுத்த செய்தி பத்திரிகையில் வந்து, வெளியூர்க்காரர்கள் திரண்டு, நாடு முழுக்கப் பேச்சான பிறகுதான் 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிந்தது. அங்கேயும் முதலில் சொல்லப்பட்டது, "ஊர் விஷயம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதுதான். வாங்கிய அடியை வெளியே சொல்லாதே என்று அடித்தவனே கேட்டால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? அரசு கேட்டால் மட்டும் ஏன் நியாயமாகப் படுகிறது?

1939 என்கிறார் உங்கள் பேராசிரியர். ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் துணிந்து ஐந்து தலித்துகளோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார், அவரை வணங்குகிறேன். ஆனால் மதுரை தானாகத் திருந்தியது என்று எழுதிவிடாதீர்கள். உள்ளூர்ச் சனாதனிகள் எதிர்த்தார்கள். கோயில் நுழைவைக் காக்க சென்னையில் ராஜாஜி அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. குஜராத்தில் பிறந்த காந்தி, எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களெல்லாம் நம் வீட்டுக்காரர்களா, அயலாரா?

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய துறைமுகம் இதே டர்பன்தான். அவர்களில் பெருந்தொகையினர் நம் தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று தென்னாப்பிரிக்கா 1946இல் சட்டம் போட்டது. இந்தியா அதை ஐ.நா.வுக்குக் கொண்டு போயிற்று. இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், இது எங்கள் உள்நாட்டு விஷயம், ஐ.நா. தலையிடக் கூடாது என்றார். மனிதனைப் பிறப்பால் இழிவுபடுத்துவது எந்த நாட்டுக்கும் உள்நாட்டு விஷயம் ஆகாது என்பதே இந்தியாவின் வாதம். டிசம்பர் 8 அன்று பொதுச்சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் இந்தியாவின் பக்கம் நின்றது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்தச் சட்டம் எந்த ஊர்த் தமிழர்களை ஒடுக்கியதோ அதே ஊரில், ஸ்மட்ஸின் வாதத்தை இந்தியா தன் வாயால் சொன்னது. இதைப் படித்த நாளில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாட்டுக்கு அவமானம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். டர்பனுக்குப் போய் முறையிட்டவர்களால் நேர்ந்ததல்ல.

பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. டர்பனில் கதவு சாத்தப்பட்ட மறு ஆண்டே இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் குழு வம்சாவளிப் பாகுபாட்டுக்கென்றே தனிப் பரிந்துரை வெளியிட்டு, சாதியையும் அதில் பேசியது. 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒப்புச் சொல்ல முடிந்தது தென்னாப்பிரிக்க நிறவெறி ஒன்றுதான் என்று டெல்லியில் பேசினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதையே டர்பனில் சொன்னவர்களைத்தான் நாட்டைக் காட்டிக்கொடுப்பவர்கள் என்று ஏசினார்கள்.

தலைப்பை எடுங்கள். ஆனால் இஸ்ரேலில் தொடங்காமல் 1946இல் தொடங்குங்கள். பண்டிட்டும் ஸ்மட்ஸும் பேசியவை ஐ.நா. ஆவணங்களில் இருக்கின்றன, அவற்றையும் உமர் அப்துல்லாவின் உரையையும் அச்செடுத்துப் பேராசிரியரிடம் கொடுத்து, இந்தியா எந்த ஆண்டில் சொன்னது சரி என்று கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை விடாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.