நட்பு நாடுகளே ஒப்புக்கொள்ளாதபோது, பயங்கரவாதத்தைக் காரணம் காட்டி அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தது எப்படி?

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணி ஆப்கானிஸ்தான் போருக்குத் தலையாட்டியது, ஈராக் விஷயத்தில் பிளவுபட்டது; பிரான்சும் ஜெர்மனியும் முகம் திருப்பின. வித்தியாசம் ஆதாரத்தில்தான்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாளே நேட்டோ தன் 5ஆம் விதியை வரலாற்றில் முதன்முறையாகக் கையிலெடுத்தது. ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதும் நடந்ததாகும் என்பது அதன் சாரம். பிரான்சும் ஜெர்மனியும் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பின. ஆக, அவர்கள் பயங்கரவாதத்தை லேசாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அபாண்டம்.

ஈராக் அதிபர் சதாமுக்கும் செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய அல்-கொய்தாவுக்கும் தொடர்பு உண்டு, பேரழிவு ஆயுதமும் உண்டு என்றது வாஷிங்டன். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் விரலிடுக்கில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமி இவ்வளவு இருந்தாலே பெரும் ஆபத்து என்று விளக்கத்தான். குப்பி ஈராக்கிலிருந்து வந்ததல்ல. மூன்றே நாளில் மியூனிக்கில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஃபிஷர், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் முன்னிலையிலேயே, 'எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்றார்.

சட்டப்படி பார்த்தால் தற்காப்பு அல்லது பாதுகாப்பு அவையின் அனுமதி, இரண்டில் ஒன்று வேண்டும். புதிய தீர்மானம் தேறாது என்று தெரிந்ததும், ஆயுதங்களைக் கைவிட ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு தந்த பழைய 1441ஆம் தீர்மானமே போதும் என்று வாதாடிவிட்டு மார்ச்சில் போரில் இறங்கினார்கள். என் பார்வையில் அது சப்பைக்கட்டு. தேடிய ஆயுதக் குவியல் கடைசிவரை கிடைக்கவில்லை.