மருத்துவமனை வாரியத்துக்கும் தேர்தலா?

கேள்வி: இங்கிலாந்தில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து, ‘உறுப்பினராகச் சேருங்கள், கவர்னர் தேர்தலில் வாக்களியுங்கள்’ என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. மருத்துவமனை வாரியத்துக்கு அரசுதானே ஆட்களை நியமிக்கும்? பொதுமக்கள் எதற்கு வாக்களிக்க வேண்டும்?
– ஹாரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: கடிதத்தின் தலைப்பை இன்னொரு முறை பாருங்கள். மருத்துவமனையின் பெயருக்குப் பின்னால் ‘என்.எச்.எஸ். டிரஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் நினைப்பது சரி. (என்.எச்.எஸ். என்பது அரசின் பொது சுகாதாரச் சேவை, டிரஸ்ட் என்பது அதில் மருத்துவமனையை நடத்தும் அமைப்பு.) இடையில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் கடிதம் சொல்வது சரி. இரண்டு வகை மருத்துவமனைகளிலும் கிடைக்கும் சிகிச்சை ஒன்றுதான். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வேறுபாடு, வாரியத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதில் இருக்கிறது.

இரு வகையிலும் வாரியத்தில் இரண்டு விதமானவர்கள் இருப்பார்கள். தலைமை நிர்வாகி, நிதி இயக்குநர், மருத்துவ இயக்குநர், செவிலியர் துறை இயக்குநர் ஆகியோர் அங்கேயே முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். வாரியத் தலைவரும், ‘நான்-எக்ஸிகியூட்டிவ்’ எனப்படும் வெளி இயக்குநர்களும், மேற்சொன்னவர்களைக் கேள்வி கேட்பதற்காகவே வெளியிலிருந்து வருபவர்கள். நியமனம் பற்றிய விவாதமெல்லாம் இந்த இரண்டாம் தரப்பாரைப் பற்றியதுதான்.

சாதாரண டிரஸ்டுகளில் இவர்களை நியமிக்கும் பொறுப்பை, சுகாதார அமைச்சரின் சார்பில் என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற தலைமை அமைப்பு கவனிக்கிறது. விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல் என்று எல்லாம் முறைப்படி நடக்கும். முன்பு அப்படி இருக்கவில்லை. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களே இந்த நாற்காலிகளில் உட்காருகிறார்கள் என்ற புகார் 1990களில் வலுத்தது. நோலன் பிரபு தலைமையிலான குழு 1995இல் அளித்த அறிக்கைக்குப் பிறகுதான், தகுதியே அளவுகோல் என்பதும், பொது நியமனங்களைக் கண்காணிக்க ஓர் ஆணையர் வேண்டும் என்பதும் நிலைபெற்றன.

ஃபவுண்டேஷன் டிரஸ்டுகள் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தவை. முதல் பத்து டிரஸ்டுகள் 2004 ஏப்ரலில் தொடங்கின. பொதுவாக, அந்தப் பகுதியில் வசிக்கும் 16 வயது நிரம்பிய எவரும் கட்டணமின்றி உறுப்பினராகலாம். உறுப்பினர்கள் கவர்னர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். (கவர்னர் என்றதும் ராஜ்பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம், இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பயணச்செலவு மட்டும் கிடைக்கும்.) கவர்னர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பொதுமக்களாலும் நோயாளிகளாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம், மற்ற இடங்களுக்கு ஊழியர்களும் உள்ளாட்சி மன்றமும் தங்கள் பிரதிநிதிகளை அனுப்புவார்கள். இந்தக் கவர்னர்கள் கூடித்தான் வாரியத் தலைவரையும் வெளி இயக்குநர்களையும் நியமிக்கிறார்கள். அவர்களைப் பதவியிலிருந்து நீக்கவும் இவர்களால் முடியும். ஆனால் அதற்கு நான்கில் மூன்று பங்கு கவர்னர்களின் ஒப்புதல் வேண்டும். தலைமை நிர்வாகியை வெளி இயக்குநர்களே தேர்வு செய்தாலும், கவர்னர்கள் ஒப்பாமல் அந்த நியமனம் செல்லாது.

நானும் ஒரு மருத்துவமனையில் ஒரு தவணை கவர்னராக இருந்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு, செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் அறையில், மூலையில், நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தும் பயிற்சிக்கான பொம்மை ஒன்று படுத்திருக்க, புதிய வெளி இயக்குநரின் பெயர் எங்கள் முன் வந்தது. நியமனக் குழுவின் அறிக்கை இரண்டே பக்கம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான ஒரு கவர்னர், “இவர் நம் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறாரா?” என்று கேட்டார். வெளி இயக்குநராக வருபவர் பொதுவாக அந்த டிரஸ்டின் உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்ற விதியை எங்களில் பலரும் மறந்திருந்தோம். செயலாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “போன வாரம் சேர்ந்திருக்கிறார்” என்றார். சிரிப்பு அடங்கிய பிறகு கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவாவது அப்படி ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதிலாக, வாரிய உறுப்பினர்களையே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிடலாமே?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: முயன்று பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வாரிய உறுப்பினர்களை அமைச்சர்கள் நியமிப்பதே வழக்கம். 2010இல் ஃபைஃப், டம்ஃப்ரீஸ்-காலோவே ஆகிய இரு பகுதிகளில் மட்டும் சோதனையாக, 16 வயதினருக்கும் வாக்குரிமை தந்து, அஞ்சல் வழித் தேர்தல் நடத்தினார்கள். நான்கில் ஒரு பங்கு வாக்காளர்கள்கூட வாக்களிக்கவில்லை; 2013இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நியூசிலாந்து இன்னும் துணிச்சலாக, மாவட்ட சுகாதார வாரியம் ஒவ்வொன்றிலும் ஏழு பேரை மக்களே தேர்ந்தெடுக்கவும், நான்கு பேர் வரை அமைச்சர் நியமிக்கவும் வழி செய்திருந்தது. அந்த வாரியங்கள் அனைத்தும் 2022 ஜூலையில் கலைக்கப்பட்டு, ஒரே தேசிய அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. மக்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் கற்பிப்பது எளிது. ஆனால் முன்பின் தெரியாத பல வேட்பாளர்களின் சுயகுறிப்புகளைப் படித்து, மருத்துவமனையின் கணக்கு வழக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர் இவர்களில் யார் என்று சமையலறை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வது யாருக்குமே கடினம்.

கேள்வி: வெளி இயக்குநர் பதவிக்கு மருத்துவர் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாமா?
– ஒரு கணக்காளர்

பதில்: தாராளமாக. கணக்காளர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. தணிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்க ஆள் வேண்டும். சாதாரண டிரஸ்டுகளில் ஆண்டுக்கு 13,000 பவுண்டு என்று 2019இல் வகுத்தார்கள். திவால் நிலையில் இருப்பவர்களும், கடந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர்களும் ஃபவுண்டேஷன் டிரஸ்டின் இயக்குநராக முடியாது. ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையின் சீர்கேடுகளை விசாரித்த ராபர்ட் ஃப்ரான்சிஸ் 2013இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, ‘பொருத்தமும் தகுதியும் உடையவரா’ என்ற சோதனையும் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது; பழைய பணியிடங்களில் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஹாரோ வாசகிக்கு ஒரு குறிப்பு: ஃபவுண்டேஷன் டிரஸ்டுகளுக்குக் கவர்னர்கள் கட்டாயம் என்ற விதியை நீக்கப்போவதாக அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறது. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். அதுவரை உங்கள் வாக்கு செல்லும். உறுப்பினராகச் சேரக் கடைசி நாள் எது என்று கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.