அரசு வழக்கறிஞர்கள்மீதும் ஒரு போலீஸ் அதிகாரிமீதும் அமெரிக்காவில் போட்ட நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கே வராமல் தள்ளுபடி ஆனது ஏன்?

ஃபெடரல் கோர்ட்டில், அதாவது அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றத்தில், 1983-ஆம் பிரிவின் கீழ் நீங்கள் போட்ட வழக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். 1983 என்பது ஆண்டு அல்ல, சட்டப் பிரிவின் எண். மாநில, உள்ளூர் அதிகாரிகள் உரிமையை மீறினால் நஷ்டஈடு கேட்க வழி செய்வது.

ஆரம்பத் தள்ளுபடி என்றால் நீங்கள் சொன்னது பொய் என்று கோர்ட் முடிவு செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். மனுவில் கண்ட சம்பவங்கள் உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்போதும் சட்டப்படி நிவாரணம் உண்டா என்றுதான் நீதிபதி பார்க்கிறார்.

அரசு வழக்கறிஞர் விஷயத்தில் பெரிய தடை 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த இம்ப்ளர் தீர்ப்பு. வழக்குத் தொடுப்பது, கோர்ட்டில் அதை நடத்துவது ஆகியவற்றுக்காக அவர்மீது நஷ்டஈடு கேட்க முடியாது. பொய்ச் சாட்சி என்று தெரிந்தே கூண்டில் ஏற்றியிருந்தாலும் இதே பாதுகாப்புதான். எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஆளுக்கல்ல, அவர் பார்த்த வேலைக்கு. 1997-இன் கலினா வழக்கைப் பாருங்கள். பள்ளியில் கம்ப்யூட்டர் திருட்டு. கண்ணாடித் தடுப்பில் ஒருவரின் கைரேகை கிடைத்தது. அவருக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லை என்று பெண் அரசு வழக்கறிஞர் தானே சத்தியம் செய்து, கைது வாரண்டுக்கான சான்றில் கையெழுத்திட்டார். உண்மையில் அந்தப் பள்ளியில் தடுப்புகளைப் பொருத்தியவரே அந்தக் கைரேகைக்காரர்தான். குற்றச்சாட்டைத் தாக்கல் செய்ததற்கு முழுப் பாதுகாப்பு உண்டு, சாட்சியைப் போல் சத்தியம் செய்ததற்குக் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம்.

அதனால் ‘பிரதிவாதிகள் கூடிச் சதி செய்தனர்’ என்று மொத்தமாக எழுதினால் வழக்கு நிற்காது. யார், எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தில், எதைச் செய்தார் என்று ஆளுக்கு ஆள் பிரித்து எழுத வேண்டும்.

போலீஸ் அதிகாரி கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்துக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு. கைது, சோதனை போன்றவற்றுக்கு நிபந்தனையுள்ள பாதுகாப்புதான். அதை உடைக்க, ஏறக்குறைய அதே மாதிரி சூழலில் அது உரிமை மீறல் என்று சொன்ன முந்தைய தீர்ப்பைக் காட்ட வேண்டியிருக்கும்.

கிரிமினல் வழக்கில் உங்களுக்கு விதித்த தண்டனை இன்னும் ரத்தாகாமல் இருந்து, உங்கள் வழக்கு அந்தத் தண்டனையே தவறு என்று சொல்வதாக அமைந்தால், 1994-இன் ஹெக் தீர்ப்புப்படி தள்ளுபடிதான். முதலில் தண்டனையை உடைக்க வேண்டும். நஷ்டஈட்டு வழக்குப் போடும் காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிஃபோர்னியாவில் 2 ஆண்டு, நியூயார்க்கில் 3. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பொய்க் கைதுக்கான கெடு, கிரிமினல் வழக்கிலிருந்து விடுதலையான நாளில் தொடங்குவதில்லை. வாரண்ட் இல்லாமல் பிடித்தவரை நீதிபதி முன் நிறுத்திய நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும்.

இப்போது உத்தரவின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மறுபடி தாக்கல் செய்ய நீதிபதி இடம் வைத்திருக்கிறாரா, ஒரேயடியாக மூடிவிட்டாரா? மூடியிருந்தால், தீர்ப்பைத் திருத்தக் கோரும் மனுவுக்கு 28 நாள், மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 30 நாள். 28-ஐ நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது.