லயத்துக்குப் போகும் முன்: முதுமாணி இறுதிச் செயற்றிட்டம், கேள்வி பதில்

பண்டாரவளை மாணவி: அக்கா, பொதுச் சுகாதார முதுமாணிக்கு “மலையகத்தில் ஊட்டச்சத்துக் குறைபாடு” என்று தலைப்பு வைத்திருக்கிறேன். போதுமா?

அது ரொம்பப் பெரிசு தங்கச்சி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம் என்று 2016 கணக்கெடுப்பே சொல்லிவிட்டது. அந்த இடைவெளியை ஆறு மாதத்தில் நீங்கள் மறுபடி அளந்து என்ன ஆகப்போகிறது? ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவை (பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) மட்டும் எடுங்கள். அம்மா காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனபின் பிள்ளைக்கு எத்தனை மணிக்கு, யார், என்ன கொடுக்கிறார்கள்? நாலு நாள் உட்கார்ந்து பாருங்கள். வளர்ச்சிப் பதிவேட்டில் மருத்துவமாது மாதாமாதம் குறித்த நிறை இருக்கும், அதையும் பக்கத்தில் வையுங்கள். அப்போது வரும் பதிலை வைத்து, அங்கே பிள்ளை பார்க்கும் அம்மாவே அடுத்த மாதம் ஏதாவது மாற்றலாம். அதுதான் செயற்றிட்டம்.

ஹட்டன் தம்பி: 384 பேரைக் கேட்டால் சரிதானே?

அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாதிப்பு 50 சதவீதம், பிழை 5 சதவீதம் என்று வைத்தால் வருவது. 31.7 என்று வைத்தால் 333தான். ஆனால் ஒரே லயத்து, அதாவது தொழிலாளர்களின் ஒரே வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஒரே பீலித் தண்ணீர் குடித்து, ஒரே மாதிரிச் சாப்பிடுபவர்கள். லயம் லயமாகத் தெரிவு செய்தால் எண்ணிக்கையைக் கூட்டத்தான் வேண்டும், 1.5ஆல் பெருக்கினால் 500. பத்துத் தாய்மாரிடம் ஆழமாகப் பேசும் ஆய்வென்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

பதுளை, ராகலை, தலவாக்கலையிலிருந்து மூவர்: 384 போதுமா?

மேலே பாருங்கள்.

மஸ்கெலியா மாணவி: கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் தண்ணீர் குடிப்பதில்லை. இதை ஆராயலாமா?

கட்டாயம். ஒதுங்க இடமில்லாததால்தான் குடிப்பதில்லை. நானும் ஒரு தோட்டத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நின்றார். அந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “கக்கூஸ் எல்லாம் இருக்குங்க” என்றார். உத்தியோகத்தர் போன் வந்து அப்பால் போனதும் அந்த அக்கா என் கையைப் பிடித்து மேட்டுப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு மேலே சிலந்தி வலை. நான் முதலில் எழுதிய பதில் பொய், தங்கச்சி. கேட்ட இடம் அதைப் பொய்யாக்கிவிட்டது. ஆகவே மலையிலோ, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலோ கேட்காதீர்கள். அந்தியில் வீட்டில், பெண் ஒருவர் கேட்கட்டும்.

தோட்ட நிர்வாகத்தில் இருந்த ஐயா ஒருவர்: துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள்ளேயே போக முடியாது. நீங்கள் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது.

ஐயா, அனுமதி வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. துரை தருவது உள்ளே வர அனுமதி. பேசச் சம்மதம் தர வேண்டியவர் அந்தப் பெண். துரை கையெழுத்துப் போட்டதால் அவர் பேசியாக வேண்டும் என்றில்லை. வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுமோ என்ற பயம் இருக்கும்வரை அது சம்மதமே இல்லை.

அதே ஐயா: எல்லாத் தோட்டமும் அப்படியில்லை. எங்கள் காலத்தில் நாங்களே ஆட்களைக் கூட்டி வைத்துக் கொடுத்தோம்.

உதவி செய்யத்தான் கூட்டினீர்கள், அதை நம்புகிறேன். ஆனால் கூட்டி வைக்கப்பட்டவர் எழுந்து போக முடியாதே ஐயா.

நானுஓயா தம்பி: தரவு சேர்த்துவிட்டேன். இனி நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாமா?

இல்லை. சேர்த்த பிறகு அனுமதி தரமாட்டார்கள். இன்றைக்கே மேற்பார்வையாளரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மற்றவர்களும் கேளுங்கள்: அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள்.

பொகவந்தலாவை மாணவி: எந்த மென்பொருள் நல்லது? எப்போது போகலாம்?

மென்பொருளை உங்கள் துறையில் கேளுங்கள். ஜூன், ஜூலை மழையைத் தவிருங்கள். தீபாவளி வாரமும் வேண்டாம், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீடு வந்திருக்கும் நேரம் அது.

மறுபடி அந்த ஐயா: கேள்வித்தாளையாவது துரைக்குக் காட்டுவீர்களா?

காட்டலாம் ஐயா, தாராளமாக. பதில்களைக் காட்டமாட்டோம். பெயரும் லய இலக்கமும் அதில் இருக்காது.