பெரிதாக்கிய பகுதிக் காட்சியில் அளவு ஏன் மாறுகிறது?

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆட்டோகேட் என்ற கணினி வரைவு மென்பொருளில் வரைபடங்கள் தயாரிக்கிறேன். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரின் பற்களை மட்டும் நகலெடுத்து ஐந்து மடங்கு பெரிதாக்கினால், 3.175 மி.மீ. என்று வர வேண்டிய பல் இடைவெளி 15.875 என்று வருகிறது. சரியான முறை எது?

பதில்: கோட்டையே பெரிதாக்கிவிட்டதால் மென்பொருள் அந்தப் பெரிய கோட்டை உள்ளபடி அளந்து சொல்கிறது. அளவுகள் எழுதப்படும் விதத்தைத் தீர்மானிக்கும் டைமென்ஷன் ஸ்டைலில் அளவுப் பெருக்கத்தை 0.2 என்று மாற்றினால் எண் சரியாகிவிடும். ஆயினும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்குலத்துக்கு 8 பல் கொண்ட ரோலரை நாளை 10 பல்லாக மாற்றச் சொன்னால், மூல வரைபடத்தில் இடைவெளி 2.54 ஆகிவிடும், நகலோ பழைய 3.175-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். பற்களை வெட்டுபவர் நம்புவது அந்த நகலைத்தான் என்பதால், பிழை நேராக இரும்பில் போய் முடியும்.

ரோலரை மாடலில், அதாவது பொருளை வரையும் வெளியில், உண்மை அளவில் ஒரே ஒரு முறை வரையுங்கள். அச்சிடும் தாளைக் காட்டும் லேஅவுட்டில், முழு ரோலருக்கு 1:5 அளவில் ஒரு வியூபோர்ட் (மாடலைத் தாளில் காட்டும் சாளரம்) வையுங்கள். 36 அங்குல ரோலர் தாளில் சுமார் 183 மி.மீ. நீளம் வரும், ஏ3 தாளில் தாராளமாக அடங்கும். ஆனால் அங்கே பல் இடைவெளி வெறும் 0.635 மி.மீ.தான், அரை மி.மீ. தடிமனுள்ள கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புப் பட்டையாகிவிடும். ஆகவே 75 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றைத் தாளில் வரைந்து, எம்வியூ கட்டளையின் ஆப்ஜெக்ட் தேர்வால் அதை வியூபோர்ட்டாக்குங்கள். அதற்குள் சென்று ஜூம் கட்டளைக்கு 5எக்ஸ்பி என்று கொடுத்தால், மாடலும் லேஅவுட்டும் மி.மீ. அலகில் இருக்கும்வரை, காட்சி 5:1 ஆகிவிடும். பற்களை நடுவில் நகர்த்தி வைத்து உடனே லாக் செய்யுங்கள். சுட்டியின் சக்கரம் தவறுதலாகச் சுழன்றாலே அளவு கெட்டுவிடும். 10:1 இன்னும் தெளிவாகத் தோன்றலாம். ஆனால் இதே பகுதிக்குத் தாளில் 150 மி.மீ. இடம் கேட்கும்.

அளவுகளை வரைந்த பொருளோடு இணைக்கும் டிம்அசோக் என்ற அமைப்பின் மதிப்பு 2 ஆக இருந்தால், அளவுகளை லேஅவுட்டிலேயே இடலாம். எண் மாடலின் உண்மை அளவாகவும், எழுத்து எல்லாக் காட்சிகளிலும் ஒரே உயரமாகவும் இருக்கும். பல்லின் இடைவெளி, ஆழம், கோணம் ஆகியவற்றைப் பெரிய காட்சியில் மட்டும் குறியுங்கள். ஒரே அளவை இரண்டு இடத்தில் எழுதுவது முரண்பாட்டுக்கு வழி திறந்துவிடும்.

முதன்மைக் காட்சியில் அந்தப் பகுதியை மெல்லிய தொடர்கோட்டு வட்டத்தால் சூழ்ந்து ஆங்கிலப் பெரிய எழுத்தொன்றைக் குறிப்பது வழக்கம். இங்கு அவ்வட்டம் 3 மி.மீ. மட்டுமே வருவதால் எழுத்தை வெளியே கோடு இழுத்து எழுதுங்கள். வெட்டுத் தோற்றத்துக்கு ஏற்கெனவே ஏ பயன்பட்டிருந்தால் இதற்கு பி கொடுங்கள். அதே எழுத்தையும் 5:1 என்ற அளவையும் பெரிய காட்சியின் அருகில் குறிப்பிடுங்கள்.

முப்பரிமாண மாடல் இருந்து, அதிலிருந்து காட்சிகளை உருவாக்கும் வியூபேஸ் கட்டளை வழியே காட்சிகள் எடுத்திருந்தால், வியூடீடெயில் கட்டளை வட்டம், எழுத்து, அளவு மூன்றையும் தானே அமைத்துவிடும். இருபரிமாணக் கோட்டுப் படத்துக்கு அது உதவாது.

வரைபடத்தை வெளியூருக்குப் பிடிஎஃப் ஆக அனுப்பும்போது ஏ3 தாளில் 1:1 என்றே பிளாட் செய்யுங்கள். அங்கே ஏ4 தாளில் சுருக்கி அச்சிட்டால் 5:1 என்பது பொய்யாகிவிடும், ஆகவே அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம் என்ற குறிப்பையும் தலைப்புக் கட்டத்தில் சேருங்கள்.