இசிஜி சரியாக இருந்தும் விரல்கள் மரத்துப்போவது ஏன்?

பரிசோதனைகள் சரியாக இருந்தும் விரல்கள் மரத்துப்போவதாகவும், முழுமூச்சு எடுக்க முடியாமல் தவிப்பதாகவும், பெரிய நோயோ என்று அஞ்சுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விரல்களில் ஏற்படும் மதமதப்பு கற்பனையன்று. இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும்போதும், பெரிய நோய் வந்துவிட்டதோ என்னும் அச்சமே அதனை உண்மையாக உண்டாக்கக்கூடும்.

பெரும்பாலும் காரணம் மூச்சுதான். அச்சத்தில் நாம் அறியாமலேயே வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை சற்றே கூடுகிறது. அதனால் நரம்புகளை அமைதியாக வைத்திருக்கும் கால்சியத்தின் செயல்படும் பகுதி குறைய, விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் உணர்கிறோம். மூளையின் இரத்தக் குழாய்களும் சற்றுச் சுருங்குவதால் தலை லேசாகச் சுற்றும். நீங்கள் குறிப்பிட்டுள்ள, முழுமூச்சு எடுக்க முடியாத தவிப்பும் இதனுடன் சேர்ந்தே வருவதுண்டு.

அடுத்த முறை மதமதப்பு தொடங்கும்போது நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள். அந்தப் பதற்றமே துடிப்பைக் கூட்டிவிடும். மாறாக, மூக்கால் 4 நொடி மெல்ல இழுத்து, 6 நொடி விடுங்கள். சில நிமிடங்களில் மதமதப்பு தணிந்தால், மூச்சே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை மட்டும் வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகலாம்.

ஆனால் நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், உடலின் ஒரு பக்கம் மட்டும் மரத்தாலும், பேச்சு குழறினாலும், மயங்கி விழுந்தாலும் இந்தச் சோதனையில் நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவ்வாறின்றி இதே நிலை வாரக்கணக்கில் நீடித்தால், மீண்டும் ஒரு இசிஜி எடுப்பதைவிட, இந்த அச்சத்தையே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (அச்சமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்ற உதவும் மனநலச் சிகிச்சை, சிபிடி) கிடைக்குமா என்று கேளுங்கள்.